போர்டிகோ சுவரில் ஒரு பெட்டி

ஏப்ரல் 6, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் கேட்டேன். என் மாமனார் நாச்சிமுத்து, "அடடா, வாங்கோணும்னு நெனச்சனுங்க மாப்ள, மறந்தே போச்சுங்க" என்றார். கொல்லையில் எலுமிச்சை மரம் காய்த்துத் தொங்குகிறது. அதற்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்துதான் இதைச் சொன்னார்.

கரண்டில் ஓடுகிற கார். தெருவில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இவர் மட்டும் தொடவில்லை. "சத்தமே இல்லைங்களே மாப்ள, ஓடுதா நிக்குதான்னு எப்படிங்க தெரியும்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

உடுமலையில் இந்த மாமனார் வீட்டுக்கு நாங்கள் வந்து நாலு வருடம் ஆகிறது. தாராபுரத்தில் எங்கள் வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டார். மகள் இனியாவைப் பார்த்துக்கொள்ள அத்தை இருப்பார் என்று என் மனைவி ரஞ்சனி சொன்னதால் இங்கே வந்தேன். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் தர ஆய்வாளர். அவள் இங்கே கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இந்த நாலு வருடமும் கம்பெனி வேனில் போய் வந்தேன். இனி என் வண்டி. பதிவு ரஞ்சனி பெயரில். அவள் வேலைக்குக் கடன் சுலபமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஷோரூமில் சார்ஜர் பற்றிக் கேட்டார்கள். கையோடு கொண்டுபோகிற போர்ட்டபிள் சார்ஜர் வண்டியோடு வரும். ஏசி போடுகிற பெரிய பிளக்கில் செருகினால் போதும், ஆனால் மெதுவாக ஏறும். சுவரில் பொருத்துகிற பெட்டி என்றால் மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், சீக்கிரம் ஏறும்.

"போர்ட்டபிளே போதும்ங்க. எங்க போனாலும் எடுத்துட்டுப் போய்க்கலாம்" என்றாள் ரஞ்சனி.

எங்கே போகப் போகிறோம்? சுவரில் பொருத்தினால்தான் அது வீடு. வயரைச் சுருட்டிக்கொண்டு திரிந்தால் சத்திரம். சுவர்ப் பெட்டிக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மாமாவிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்.

"போர்டிகோ சுவத்துல ஒரு பெட்டி மாட்டணுங்க மாமா. கார் சார்ஜருங்க."

பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"சுவத்துலயாங்க? ஓட்டை போடோணுமுங்களே."

"சின்ன ஓட்டைதாங்க."

"சின்ன ஓட்டைன்னாலும் ஓட்டைதானுங்க மாப்ள. மழைத் தண்ணி எறங்கிருச்சுன்னா சுவரு பொதுபொதுன்னு போயிருமுங்க. உங்களுக்கு இல்லைன்னு சொல்லுவனுங்களா? எங்க ரூம்ல ஏசி பிளக்கு இருக்குதுங்க. சன்னல் வழியா இழுத்துக்குங்க. வயசானவங்களுக்கு ஏசி எதுக்குங்க."

இந்த ஊரில் ஒருவரைக் கொல்வதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் கொல்வார்கள்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு நாளாகப் போர்ட்டபிளை அவர் அறை சன்னல் வழியாகத்தான் போடுகிறேன். சார்ஜ் ஏறுகிற நேரமெல்லாம் மாமா சட்டையைக் கழற்றிவிட்டு, பனை விசிறியோடு கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே ஹாலில் ஃபேன் இருக்கிறது. மாடியில் காற்று வருகிறது. இல்லை, கேட்டுக்கு வெளியேதான்.

எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மாமாவின் தங்கை குடும்பம் வந்திருந்தது. இலையில் பாயசம் விழுவதற்குள் கதை அவர்களுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க ஜெகதீசு, அண்ணனுக்கு வேர்க்குரு வந்து முதுகெல்லாம் சிவந்து கிடக்குதாமா?" என்றது அந்த அம்மா.

"சுவத்துல பெட்டி மாட்ட விட்டா வேர்க்குரு வராதுங்க" என்றேன்.

அத்தை சரோஜினி எனக்கு இன்னொரு வடை வைத்தார். அவர் எப்போதும் இப்படித்தான். நடுவில் ஒரு வடையை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சாப்பிட்ட பிறகு ரஞ்சனி ஏதோ கோயமுத்தூர் கிளை பற்றிச் சொன்னாள். மருத்துவமனை அங்கே புதிதாகத் திறக்கிறார்களாம். வேர்க்குரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று செய்த வேலைக்கு அந்த மனிதருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

காலையில் டேப் எடுத்துப் போர்டிகோ சுவரை அளந்தேன். வண்டியின் சார்ஜ் மூடி எந்தப் பக்கம் வருகிறது, வயர் எவ்வளவு எட்டும் என்று பார்த்து, மார்பு உயரத்தில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டேன். சலூனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் அந்தச் சதுரத்தின் மேல் முருகன் படம் தொங்குகிறது. பெரிய படம், கண்ணாடிச் சட்டத்தோடு. மாலை போட்டு, கீழே சின்னப் பலகை அடித்து விளக்கும் வைத்திருந்தார்.

"ரொம்ப நாளா வாசல்ல சாமி வெக்கோணும்னு ஒரு வேண்டுதலுங்க மாப்ள."

படத்துக்கு ஒரு ஆணி, பலகைக்கு இரண்டு ஆணி. அந்த ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்காதா என்று கேட்டேன்.

"முருகன் பார்த்துக்குவானுங்க."

ஏப்ரல் 23, புதன்

எர்த் கம்பி பற்றி நிறையப் படித்தேன். சுவர்ப் பெட்டிக்குத் தனியாகக் குழி தோண்டி எர்த் போட வேண்டும். ஈரம் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். கொல்லையில் எலுமிச்சை மரத்தடிதான் சரியான இடம். வேர் கொஞ்சம் அடிபடும். படட்டும்.

ரஞ்சனி கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். புதுக் கிளையை அவளையே பொறுப்பெடுக்கச் சொல்கிறார்களாம். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். "நல்லதுதானே" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டாள். நான் போன் வெளிச்சத்தில் மீதியைப் படித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாமா தன் பழைய ஸ்கூட்டரை வெளியே எடுத்திருக்கிறார். வருடக்கணக்காகச் சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்தது. இப்போது சரியாக நான் கார் நிறுத்துகிற இடத்தில் குறுக்காக நிற்கிறது. "தினமும் ஓட்டிப் பழகோணுமுங்க, டாக்டரு சொன்னாரு" என்கிறார். எந்த டாக்டர் எழுபது வயதில் ஸ்கூட்டர் பழகச் சொல்கிறான்?

நானும் சும்மா இருக்கவில்லை. வயரை அவர் காலையில் நடக்கிற வழியில் போட்டேன். தாண்டித் தாண்டிப் போகட்டும்.

ரஞ்சனி வந்து, "அப்பா ரூம் பிளக் கறுத்துப்போயிருக்கு. தொட்டா சுடுது. மாத்துங்க" என்றாள். அது அவர் அறை. அவர் பிளக். அவர் மாற்றட்டும். என் சுவர் இல்லை என்றால் என் பிளக்கும் இல்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. பேச எதுவும் இல்லை. பிளக் பற்றி மறுபடி சொன்னாள். மாமாவிடம் சொல்லச் சொன்னேன். அவரிடம் சொன்னாளாம். அவர் என்னைக் கேட்கச் சொன்னாராம்.

மே 4, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோழிக் குழம்பு. வண்டி சார்ஜில் இருந்தது. பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை வந்தது. அடுப்பில் ஏதோ என்று நினைத்தேன். மாமா சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார்.

அவர் அறையில் பிளக் உருகிச் சுவரோடு ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. திரைச்சீலையின் ஓரம் பிடித்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று யாருக்கும் தெரியும். அவர் வெறுங்கையால் பிடுங்கினார். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். திரைச்சீலையைக் காலால் மிதித்து அணைத்தார்.

இனியா அந்த அறைக் கட்டிலில்தான் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி வந்ததும் அவர்தான். நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அத்தை பச்சைத் தண்ணீரை அவர் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். "சும்மா விடு சரோ, ஒண்ணுமில்ல" என்றார் மாமா. என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைங்க சாப்பாடு பாதியில நின்னு போச்சுங்க, உக்காருங்க" என்றார். அந்த நேரத்திலும் விடவில்லை.

மருத்துவமனைக்கு ரஞ்சனிதான் கூட்டிப்போனாள். வண்டியில் பாதி சார்ஜ் இருந்தது.

மே 5, திங்கள்

ரஞ்சனி பேசவில்லை.

மே 6, செவ்வாய்

"சுவர்ப் பெட்டி மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது" என்று பொதுவாகச் சொன்னேன். அத்தை தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் இதுதான்.

கம்பெனி வேனில் போய் வந்தேன். வேனில் எல்லோரும் புது வண்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றேன்.

மே 7, புதன்

இனியா மாமாவின் கைக்கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்திருக்கிறாள். என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை. தற்செயலாகத்தான் பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

எலக்ட்ரீசியன் வரதனை நானே வரச்சொன்னேன். முருகனாவது வேலாவது, இனிமேல் பாதுகாப்பு என்ற பெயரில் யாரும் மறுக்க முடியாது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"தனி லைன் இழுத்துரலாமுங்க. ஆனா மின்வாரியத்துல லோடு கூட்டி வாங்கோணும். வீட்டுக்காரங்க கையெழுத்து வேணுமுங்க. கரண்ட் சர்வீஸ் யாரு பேர்லங்க?" என்றான் வரதன்.

நான் மாமாவைப் பார்த்தேன். இப்போது இவர் என்னை எத்தனை நாள் அலையவிடப்போகிறார் என்று கணக்குப் போட்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து அத்தை குரல் வந்தது.

"எம் பேர்லதானுங்க தம்பி."

"வீடும் உங்க பேருங்களாம்மா?"

"ஆமாங்க. எங்கப்பா கட்டுனதுங்க. கல்யாணமான வருசமே இவிய இங்க வந்துட்டாங்க."

நாலு வருடமாக இந்த ஆள் 'எங்க வீடு, எங்க சுவரு' என்று பேசிக்கொண்டிருக்கிறார். இவரும் என்னை மாதிரி வந்தவர்தான். ரஞ்சனியும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீங்க கேட்டதில்லையே" என்கிறாள். இது முன்பே தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். இன்னும் கொஞ்சம் காரமாக.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. சுவரிலிருந்து முருகன் படத்தைக் கழற்றி மாலையோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூஜை அறைக்குப் போனார். போகிற போக்கில், "எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

ஒரு நிமிட வேலை. இதற்காக நான் ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மாமா எழுந்து உள்ளே போனார். ஸ்கூட்டர் மட்டும் குறுக்கே நின்றது. அதை நானே தள்ளி ஓரம் போட்டேன்.

மே 17, சனி

மின்வாரிய ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். எர்த் குழியை எலுமிச்சை மரத்தடியில் போடச் சொன்னேன். கிணற்றடியில் போடலாம் என்றான் வரதன். மரத்தடியிலேயே போடச் சொன்னேன்.

மாமா சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடப்பாரை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கண்ணை மூடினார். எனக்கு அது நன்றாக இருந்தது. எழுதுவதற்கு என்ன வெட்கம்.

மே 22, வியாழன்

பெட்டி ஏறிவிட்டது! வெள்ளை நிறம், நடுவில் பச்சை விளக்கு. மாலை வண்டியைச் செருகினேன். சாப்பிட்டு எழுந்து வந்தால் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. வயரை அதிலேயே சுற்றி மாட்டிக்கொள்ளலாம். தரையில் எதுவும் கிடக்காது.

ரஞ்சனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாள். உள்ளே போய்ப் போர்ட்டபிளைத் துடைத்து அதன் பையில் போட்டு வைத்தாள். அதில் உருகிப்போன பிளக்குக்குப் பதிலாகப் புதுசு வாங்கி மாற்றியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். வீட்டில் இருக்கிற எதையும் தூக்கிப்போட மாட்டாள். அத்தை வளர்ப்பு.

மாமா அந்தப் பக்கமே வரவில்லை. வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கொல்லை வழியாகச் சுற்றிப் போகிறார்.

மே 24, சனி

இனியாவுக்குப் புது யூனிபார்ம் தைத்து வந்திருக்கிறது. மெரூன் கட்டம். போன வருடம் நீலம். இந்தப் பள்ளிக்கூடங்களுக்கு வேறு வேலையில்லை, வருடத்துக்கு ஒரு நிறம்.

தன்னோடு ஆலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து மாமா கொல்லையில் மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இலை சுருண்டிருக்கிறதாம். நான் பெட்டியைத் துடைத்தேன்.

மே 29, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஹாலில் அட்டைப் பெட்டிகள். இனியாவின் புத்தகங்கள், மிக்ஸி, இரண்டு குக்கர். ரஞ்சனி கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் போறோம். சுந்தராபுரத்துல வீடு பார்த்தாச்சு. திங்கக்கிழமை இனியாவுக்குப் பள்ளிக்கூடம்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின?"

"உங்களைத்தான். ஏப்ரல்லயே கேட்டேன். நல்லதுதானேன்னீங்க."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது. போறதா வேண்டாமான்னு நீ தெளிவாக் கேட்டிருக்கணும்."

கயிற்றைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். சத்தம் போடவில்லை.

"அன்னிக்கு வேணுமா வேண்டாமான்னு யோசனையிலதான் இருந்தேன். அந்தப் பிளக்கை மாத்துங்கன்னு உங்ககிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். அப்பாகிட்டயும் சொன்னேன். அவரு உங்களைக் காட்டினாரு, நீங்க அவரைக் காட்டினீங்க. என் புள்ள கட்டில்ல படுத்திருந்தா. அதுக்கப்புறம் யோசிக்க ஒண்ணும் இல்லைங்க."

"அதான் இப்பப் பெட்டி மாட்டியாச்சே."

"ஆமா. மாட்டியாச்சு."

மாமா அறை வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அம்மிணி, எங்கிட்டச் சொல்லலையேம்மா" என்றார்.

"உங்ககிட்டச் சொன்னா மாப்பிள்ளைய ஜெயிச்சுட்டம்னு ஊரெல்லாம் சொல்லுவீங்கப்பா."

"நீ தனியா அங்க புள்ளைய வெச்சுட்டு எப்படிம்மா..."

"தனியா இல்லீங்க" என்றார் அத்தை. அவர் கையில் மடித்த சேலைகள். "நானும் போறனுங்க."

"நீ போனா இங்க யாரு?" என்றார் மாமா.

"நீங்க இருக்கீங்க. மாப்பிள்ளைங்க இருக்காங்க. சுவரும் இங்கயேதானுங்க இருக்கும், எங்கயும் போயிராது. பார்த்துக்குங்க ரெண்டு பேரும்."

அத்தை இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 1, ஞாயிறு

போய்விட்டார்கள். வண்டியை ரஞ்சனி ஓட்டினாள். அவள் பெயரில்தானே இருக்கிறது. போர்ட்டபிள் பை டிக்கியில். அந்த வீட்டு ஹாலில் பெரிய பிளக் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று முன்பே ஆள் வைத்துப் பார்த்துவிட்டாளாம்.

எனக்கும் சேர்த்து வீடு பார்க்கவில்லையா என்று கேட்டேன். "உங்களுக்குத் திருப்பூர் தூரமாச்சே" என்றாள். அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை.

இனியா பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். எனக்கா மாமாவுக்கா தெரியவில்லை. இரண்டு பேரும் ஆட்டினோம்.

ஜூன் 3, செவ்வாய்

உப்புமா. மாமா கிண்டினார். உப்பு இல்லை. நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

உப்புமா. நான் கிண்டினேன். "நல்லா இருக்குதுங்க மாப்ள" என்று முழுசாகத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

பெட்டியில் பச்சை விளக்கு இரவும் பகலும் எரிகிறது. "ஆருக்குங்க அது எரிஞ்சுட்டு இருக்குது?" என்றார். அணைக்கவில்லை. அணைக்க மாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

யாரும் வரவில்லை. கிளையில் வேலை அதிகமாம். போனில் இனியா, "இங்க பக்கத்து வீட்டுல நாய்க்குட்டி இருக்குப்பா" என்றாள். பிறகு போனை அத்தையிடம் கொடுத்துவிட்டாள். அத்தை, "சாப்பிட்டீங்களாங்க?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். மாமாவிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவரிடமும் அதையேதான் கேட்டார் போலிருக்கிறது. அவரும் சாப்பிட்டேன் என்றார்.

சாயங்காலம் மழை. போர்டிகோ சுவரில் பெட்டிக்குக் கீழே ஈரம் இறங்கியிருக்கிறது. மாமா வந்து நின்று பார்த்தார். 'நான் சொன்னேன் பார்த்தீர்களா' என்று கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை.

"எங்க மாமனாரு இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாருங்க" என்றார். "ஒரு தடவ கண்ணாடி மாட்டோணும்னு ஆணி அடிச்சேன். வந்து பிடுங்கி என் கையில குடுத்துட்டாரு. ஒரு வார்த்தை பேசல. அவரு போன பொறவுதான் காலண்டரே மாட்டுனேன்."

இதை எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "அப்ப என்னை மட்டும் ஏங்க மாமா தடுத்தீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். "என்னைத் தடுத்தாருங்களே" என்றார்.

அந்த ஆள் மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

ஜூன் 12, வியாழன்

ரஞ்சனிக்குப் போன் செய்தேன். நான் கோயமுத்தூரில் வேலை தேடட்டுமா என்று கேட்க நினைத்தேன். பேச்சு வேறு எங்கேயோ போய்விட்டது. பெட்டியை அப்படியே விட்டால் பழுதாகுமா என்று கேட்டு வைத்தேன். "தெரியலைங்க, ஆள் வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டேன். "கம்பெனிக்குப் போறனுங்க மாமா" என்றேன். "ஞாயித்துக்கிழமையுங்களா?" என்றார். "அவசர ஆர்டர்" என்றேன். அவரும் வேட்டி மாற்றியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. "பழனி வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். கூட்டம். பின்னால் ஒரே ஒரு இடம் காலி. சன்னலோரம் இருந்தவர் பேப்பரால் முகத்தை மறைத்திருந்தார். துணிப்பையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பழனி இந்தப் பக்கமுங்களா மாமா?"

பேப்பரை இறக்கினார். "திருப்பூரும் இந்தப் பக்கம் இல்லைங்களே மாப்ள."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு இடம் இல்லை. பொள்ளாச்சி வரை பேசவில்லை. அங்கே பஸ் நின்றபோது அவர் இறங்கி ஒரு வாழைப்பழச் சீப்பு வாங்கினார். நானும் இறங்கி ஒன்று வாங்கினேன். என்னுடையது பெரியது.

சுந்தராபுரத்தில் இறங்கி, அவர் ஒரு வழி, நான் ஒரு வழி. எனக்கு ரஞ்சனி அனுப்பிய விலாசம் போனில் இருந்தது. அவர் விசாரித்துக்கொண்டு போனார். தெருமுனையில் மறுபடி பார்த்துக்கொண்டோம்.

கீழ்த்தளம். சின்ன வீடு. வாசலில் வண்டி நிற்கிறது. ஹால் சன்னலிலிருந்து போர்ட்டபிள் வயர் வந்து வண்டியில் செருகியிருந்தது. கதவைத் திறந்த ரஞ்சனி எங்கள் இருவரையும், இரண்டு வாழைப்பழச் சீப்பையும் பார்த்தாள்.

"சேர்ந்தா வந்தீங்க?"

"இல்லீங்க" என்றார் மாமா, பெற்ற மகளிடம் 'ங்க' போட்டு. நானும் இல்லை என்றேன்.

இனியா நாய்க்குட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளே போனதும் என் கண் பிளக்குக்குத்தான் போனது. சுடுகிறதா என்று பார்க்கக் கையை நீட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் கையும் நீண்டது, கொப்பளம் ஆறித் தோல் உரிந்த கை.

"அதைத் தொடாதீங்க" என்றாள் ரஞ்சனி.

யாரிடம் சொன்னாள் என்று கேட்கவில்லை. இருவரும் கையை எடுத்துக்கொண்டோம். சோபாவில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தோம். நடுவில் இரண்டு சீப்பு வாழைப்பழம்.

அத்தை சமையலறையிலிருந்து வந்தார். வாங்க என்று இருவரையும் பொதுவாகக் கேட்டார். தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து நீட்டினார், வீட்டுக்கு வந்தவர்களுக்கு நீட்டுகிற மாதிரி.